துண்டுக்குப் பரிமாறிய சோறு

மலையடிவாரத்தில் ஒரு மடம். ஊர்க்காரர்கள் அதைச் சோத்து மடம் என்பார்கள். கீழே அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம். மாடியில் ஐந்து கணினிகள், ஒரு குரு, நாலு சீடர்கள்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் கோமதி, வயது முப்பத்திரண்டு. பெரிய ஊரில் பெரிய கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு இங்கே வந்து, மடத்தின் தர்ம ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை எழுதுகிறார், எழுதக் கற்றும் கொடுக்கிறார்.

சீடர்களில் மூத்தவர் தாணுலிங்கம், வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் கம்பம் ஏறியவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தன் மகள் வயதுக்காரியிடம் வந்து பாடம் கேட்கிறார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை டீச்சர் என்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் தாணுலிங்கத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை அது மூக்கையும் தாண்டி வந்துவிட்டது.

காரணம் ஒரு சிவப்புக் கோடு.

ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு ஒரு நிரல் எழுதும் பொறுப்பு அவருடையது. நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் தலைப்பில், 'இங்கே இன்ன வகைப் பொருள்தான் வரும்' என்று ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். ரத்தப் பையை வார்டுக்கு வழங்கும் வேலைக்குத் தாணுலிங்கம் எழுதிய குறிப்பு, 'சோதித்த பை'. கிருமிச் சோதனை முடிந்த பை மட்டும்தான் இந்த இடத்துக்கு வரும் என்று அர்த்தம். நிரலில் இதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நமக்குத் தமிழிலேயே இருக்கட்டும்.

முதலில் அதை வெறுமனே எழுதினார். ஓட்டிப் பார்த்தால் நிரல் பாதியில் நின்றது. சோதித்த பை என்றால் என்ன என்று விளக்கும் பகுதி அதே கோப்பில் கீழே இருந்தது. மேலிருந்து ஒவ்வொரு வரியாக வரும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் இன்னும் தெரியாது. "பேரைக் கொட்டேஷன் குறிக்குள்ள போடுங்க, வெறும் எழுத்துன்னு நினைச்சுத் தாண்டிப் போயிரும்" என்று யாரோ சொன்னார்கள். போட்டார், தாண்டிப் போனது. இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று.

இன்னொரு ஆசாமியும் உண்டு, சரிபார்ப்பான். அது நிரலை ஓட்டாது. வாசித்து மட்டும் பார்த்து, எழுதிய குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சொல்லும். அது சரி என்று சொல்லாமல் எதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பது கோமதி வைத்த சட்டம். இரண்டு மாதமாக அதுவும் வாயைத் திறக்கவில்லை. அதனால் மேற்கோளுக்குள் இருப்பதை அதுவும் பார்ப்பதில்லை என்று தாணுலிங்கம் முடிவு கட்டிவிட்டார்.

அன்று காலை அது அந்தக் குறிப்புக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு வாயைத் திறந்தது. 'சோதித்த பை' என்று ஒன்று இல்லை என்றது.

மற்ற நாளாக இருந்தால் பொறுத்துப் போயிருப்பார். அன்று மதியம் இரண்டு மணிக்கு ரத்த வங்கியில் பழைய பதிவேட்டை மூடிவிட்டு இவருடைய நிரலைத் திறப்பதாக ஏற்பாடு. அங்கே பொறுப்பில் இருக்கும் சகாயமேரி பதினோரு வருஷமாகக் கையால் எழுதி எழுதி விரல் காய்த்துப்போனவர். போன மாதமே ஒரு தேதி சொல்லித் தாணுலிங்கம் தவறவிட்டிருந்தார். "திங்கக்கிழமை ரெண்டு மணி. இது என் வார்த்தை" என்று இந்தத் தடவை கையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இதுவும் தவறினால் என் முகத்தில் முழிக்காதீர்கள் என்று அந்த அம்மாளும் சொல்லியனுப்பியிருந்தார்.

"டீச்சர், இது அநியாயம்" என்றார் தாணுலிங்கம்.

"என்ன அண்ணாச்சி?"

"வந்து பாருங்க. பத்துத் தடவை ஓட்டிட்டேன். ஒரு இடத்துல நிக்கல. ஓடுதுல்லா? இவன் மட்டும் இல்லைங்கான்."

கோமதி வந்து திரையைப் பார்த்தார். "என்ன இல்லைங்குது?"

"சோதித்த பை."

"இருக்கா?"

"அது கொட்டேஷனுக்குள்ள இருக்கு டீச்சர். வெறும் எழுத்து. ஓட்டுற மிஷினே அதத் தொடல. இவன் யாரு பிரிச்சுப் படிக்க? அடுத்தவன் கடுதாசிய உடைச்சுப் படிக்க மாதிரில்லா இருக்கு."

கோமதி பேசவில்லை. பேசாதவரிடம் கோபத்தைக் காட்டுவது சுலபம், தாணுலிங்கத்துக்குச் சுருதி ஏறியது.

"சரி, படிக்கான்னே வச்சுக்குவோம். இங்க பாருங்க. ரத்த வகை எழுதுற கட்டத்துல 'ஓ பாசிட்டிவ்'னு இதே கொட்டேஷன்லதான் போட்டிருக்கேன். 'ஏ நெகட்டிவ்'னு போட்டிருக்கேன். ஓ பாசிட்டிவ்னு ஒண்ணு இல்லைன்னு சொன்னானா? சொல்லல. ஒரு கொட்டேஷன உடைப்பான், ஒரு கொட்டேஷன விட்டுருவான். இதுக்குப் பேரு நியாயமா?"

"அது வேற அண்ணாச்சி."

"என்ன வேற? குறி அதே குறி. எழுத்து அதே எழுத்து."

கோமதி குனிந்து அந்த இரண்டு வரிகளையும் பார்த்தார்.

"ஒரே வரி டீச்சர். 'இதைக் கண்டுக்காத'ன்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதினா வாய மூடிருவான். நீங்க சரின்னா இப்பமே போட்டுருதேன். ரெண்டு மணிக்கு அந்த அம்மா அங்க காத்துக்கிட்டு இருப்பாவ."

"வேண்டாம்."

"ஏன்?"

கோமதி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகால். "கீழ பந்தி விசாரிக்க இன்னைக்கு ஆளில்ல. மேனேஜர் லீவு. நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி."

தாணுலிங்கத்துக்குக் காது சூடாகிவிட்டது. வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் போட்டுவிட்டு வா என்கிறாரே என்று தோன்றியது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"நான் இங்க நிரல் எழுத வந்தேனா, சாம்பார் ஊத்த வந்தேனா?"

"ஊத்த வேண்டாம். கரண்டியத் தொடவே வேண்டாம். பாத்து விசாரிச்சாப் போதும். அங்க துண்டு போட்டு இடம் பிடிப்பாவ. பிடிக்கட்டும், தடுக்காதீங்க. பந்தி முழுசா உக்காந்த பெறகு ஒரு சுத்து வாங்க. துண்டு கிடக்க இடத்துல ஆளு யாருன்னு கேளுங்க. ஆளு கூடத்துல இருந்தா விட்டுருங்க. இல்லைன்னா எடுத்துருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு மணிக்கெல்லாம் வந்துரலாம்."

படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு வைத்துக்கொண்டே இறங்கினார் தாணுலிங்கம். சின்னப் பெண்ணிடம் பாடம் கேட்க வந்த புத்தியைத் திட்டினார், சரிபார்ப்பானை எழுதியவனைத் திட்டினார், கடைசிப் படியில் லீவு போட்ட மேனேஜரைத் திட்டினார்.

கூடத்தில் சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாலு வரிசைப் பந்திப்பாய், வரிசைக்குப் பதினைந்து இலை. உள்ளே வந்ததும் துண்டைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவர்கள், குடையை வைத்துவிட்டு வெளியே நிற்கும் பிள்ளையைக் கூப்பிடப் போகிறவர்கள் என்று எங்கும் உள்ளதுதான். இடம் கிடைக்காதவர்கள் இரண்டாம் பந்திக்கு வாசலில் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பந்தியில் சாம்பார் இருக்காது, ரசம்தான். சில நாள் அதுவும் தண்ணீராகத்தான் வரும்.

இதைப் பார்த்ததும் தாணுலிங்கத்துக்குக் கோபம் புதிதாகக் கிளம்பியது. வாசலில் ஆள் நிற்கிறது, இங்கே துணி உட்கார்ந்திருக்கிறது. பந்தி முழுக்க உட்காரட்டும் என்று டீச்சர் சொன்னதெல்லாம் அந்தக் கோபத்தில் போன இடம் தெரியவில்லை. முதல் வரிசையில் கிடந்த ஒரு பச்சைத் துண்டைத் தூக்கினார்.

"இது யாரு?"

பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. துண்டை மூலையில் போட்டுவிட்டு, வாசலில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நியாயம் செய்த நிறைவோடு அடுத்த வரிசைக்குத் திரும்புவதற்குள் ஈரக் கையோடு ஒரு மனிதர் வந்து நின்றார்.

"என் துண்ட எங்கவே?"

"ஆளு இல்ல, எடுத்துட்டேன்."

"ஆளு இல்லையா? கை கழுவிட்டு வாரதுக்குள்ள நான் செத்தா போயிட்டேன்? கழுவாத கையோட உக்காரணுமோ?"

"கேட்டேன், யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"நான் வாரதுக்கு முன்னால கேட்டா எப்படித் தெரியும்? வந்த பெறகுல்லா கேக்கணும்."

நாலு பேர் அந்த மனிதருக்குப் பரிந்து பேசினார்கள். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. உட்கார்ந்த ஆளை எழுப்பவும் முடியாமல், வந்த ஆளை அனுப்பவும் முடியாமல், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு இலையைச் செருகி ஒப்பேற்றினார் தாணுலிங்கம். அதற்குப் பிறகு சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மெல்ல மெல்லப் பந்தி நிறைந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய் அந்த இடத்தில் ஆட்கள் முளைத்தார்கள். பரிமாறுகிறவர்கள் உப்பிலிருந்து தொடங்கினார்கள். அப்போது சுற்று வந்தார்.

இரண்டாம் வரிசையில் ஒரு துண்டு. "எங்க வீட்டுக்காரரு. அந்தா தூணுப் பக்கம் செருப்பக் கழட்டுதாவ" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். தூணைப் பார்த்தார், ஆள் இருந்தது, விட்டுவிட்டார்.

மூன்றாம் வரிசையில் ஒரு மஞ்சள் பை. "என் மச்சான். தண்ணி பிடிக்கான்." மச்சான் செம்போடு வந்துகொண்டிருந்தான். அதையும் விட்டார்.

அதற்கடுத்து ஒரு பெரியவர் தோளில் சிவப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். தாணுலிங்கம் இருந்த வேகத்தில் அந்தத் துண்டையும் முறைத்தார்.

"என்ன தம்பி, தோள்ல கிடக்கதுக்கும் ஆளு கேப்பிய போலுக்கே" என்றார் பெரியவர்.

வரிசையே சிரித்தது. "அது வேற அண்ணாச்சி" என்று தாணுலிங்கம் வாய்க்குள் சொன்னார். சொன்ன பிறகுதான் அது காலையில் டீச்சர் சொன்ன பதில் என்று உறைத்தது.

நாலாம் வரிசைக் கடைசியில், ஜன்னலோரம், நல்ல காற்று வரும் இடத்தில் ஒரு சரிகைத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. விலை உயர்ந்த துண்டு. அதற்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. பரிமாறும் இசக்கி அந்த இலையில் சோற்றை வைத்து, குழி பறித்து, சாம்பார் ஊற்றி, பக்கத்தில் இரண்டு கூட்டும் வைத்துவிட்டு நகர்ந்தான்.

"இது யாரு?"

பக்கத்து இலைக்காரர் தோளைக் குலுக்கினார். "தெரியல. நேத்தும் இருந்துச்சு."

"நேத்து ஆளு வந்துச்சா?"

"துண்டு இருந்துச்சு."

எதிர் வரிசையில் ஒரு கிழவர் விவரம் சொன்னார். "அது ராஜாமணி ஐயா துண்டு. நாலு வருசமா அவரு இடம் அதான். மடத்துக்கு மூட்டை மூட்டையா அரிசி குடுத்தவரு. இப்பம் ஓசூர்ல மகன்கிட்டப் போயிட்டாரு. பத்து நாளாச்சு. இனி வர மாட்டாரு."

"அப்போ துண்டு?"

"கூடத்தப் பெருக்குறவ எடுத்து, தரையத் துடைச்சு, மறுபடி மடிச்சு வச்சிருதா. பெரிய மனுசன் துண்டு, யாரு எடுப்பா?"

தாணுலிங்கம் வாசலைப் பார்த்தார். பதினைந்து பேர் நின்றார்கள். முன்னால் ஒரு பெண் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்குப் பார்வை நேரம், இரண்டாம் பந்தி எப்போது என்று வருகிற போகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாணுலிங்கம் பரிமாறுகிறவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"இசக்கி, இங்க வா. இந்த இலைக்கு ஏன் போட்ட?"

"இலை இருக்கு, போட்டேன்."

"ஆளு இருக்கா?"

"துண்டு இருக்குல்லா."

"துண்டு திங்குமாலே? பத்து நாளா ஒரு துணிக்குச் சோறு போட்டிருக்க. அங்க ஒரு பொம்பள பசியோட நிக்கா. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

இசக்கி சாம்பார் வாளியைக் கீழே வைத்தான். அவனுக்கும் கோபம் வரும்தானே. "அண்ணாச்சி, என் வேலை பரிமாறுறது. இலை இருந்தாப் போடுவேன், அடுத்த இலைக்குப் போவேன். ஒவ்வொரு துண்டுக்கும் நின்னு ஆளு யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தா அறுபது இலைக்கு எப்பம் போட? பத்து நாளா ஒரு குறையும் இல்லாமப் பந்தி ஓடுதுல்லா?"

ஓடுதுல்லா. காலையில் மாடியில் இதே வார்த்தையை இதே சுருதியில் சொன்ன வாய் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

சரிகைத் துண்டை எடுத்து இசக்கியின் கையில் கொடுத்தார். வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து ஜன்னலோரம் உட்கார வைத்தார். எதிர் வரிசைக் கிழவர் மட்டும் "ராஜாமணி ஐயா கேள்விப்பட்டா வருத்தப்படுவாரு" என்று முனகினார். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் முதல் கவளத்தை எடுத்துவிட்டாள்.

தாணுலிங்கம் மாடிக்கு வந்தபோது ஒரு மணி. கோமதி தன் இடத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் தன் கோப்பைத் திறந்து, மேலிருந்து அடி வரைக்கும் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

கீழே, சோதித்த பை இருந்த இடத்தில் சோதித்த பை இல்லை. வெறும் 'பை' என்று ஒன்று மட்டும் இருந்தது. அதில் 'சோதனை முடிந்ததா' என்று ஒரு சின்னக் கட்டம், ஆம் அல்லது இல்லை.

அதை மாற்றியது ஜெபராணி, இன்னொரு சீடர். சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிவிட்டு, அக்காவின் வளைகாப்புக்குச் சிவகாசி போய்விட்டார். வாட்ஸ்அப் குழுவில் தகவலும் போட்டிருந்தார்: "ரெண்டு வகைப் பையையும் ஒண்ணாக்கிட்டேன். உங்க பக்கம் அந்தப் பேரு வரும், பாத்து மாத்திக்கோங்க அண்ணாச்சி." அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். போட்டது தாணுலிங்கம்தான். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு படிக்காமலே அமுக்கிய விரல்.

ஜெபராணி மேல் கோபப்பட ஒரு நிமிடம் முயன்று பார்த்தார். முடியவில்லை. சரிபார்ப்பான் மேல் படலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அது ஒரு நாளும் தாண்டிப் போகவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு தடவையும் கோப்பு முழுவதையும் வாசித்து, மேற்கோளைப் பிரித்து, உள்ளே இருக்கும் பெயருக்குக் கீழே ஆள் இருப்பதைப் பார்த்து, பேசாமல் போயிருக்கிறது. இன்று ஆள் இல்லை, கேட்டுவிட்டது. 'ஓ பாசிட்டிவ்' பெரியவர் தோளில் கிடந்த துண்டு மாதிரி, யாருக்கும் இடம் பிடிக்கவில்லை, அதனால் கேட்கவில்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. மணி ஒன்று இருபது. தாணுலிங்கம் மேற்கோளுக்குள் இருந்த 'சோதித்த பை'யை அழித்துவிட்டு 'பை' என்று எழுதினார். சரிபார்ப்பானைக் கூப்பிட்டார். அது வாசித்தது, குறை ஒன்றும் இல்லை என்றது. சிவப்புக் கோடு போய்விட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து சகாயமேரிக்குப் போன் போட்டார்.

"ரெண்டு மணிக்கு வந்துருதேன்."

"நம்பலாமா அண்ணாச்சி?"

"நூறு சதம் நம்பலாம்."

போனை வைத்ததும் கோமதி எழுந்து வந்தார். "முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு டீச்சர். அவனே சரின்னுட்டான்."

"சோதனை முடியாத பை ஒண்ணைக் குடுத்துப் பாருங்க."

தாணுலிங்கம் ரத்த வங்கிப் பட்டியலிலிருந்து அன்று காலை வந்த ஒரு பையை எடுத்தார். சோதனை முடிந்ததா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதை வழங்கும் வேலைக்குக் கொடுத்தார். நிரல் ஒரு நொடியும் தயங்கவில்லை. மூன்றாம் வார்டு, பெண்கள் பகுதி, வழங்கப்பட்டது என்று எழுதியது.

தாணுலிங்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இதுக்கும் நானா பொறுப்பு? காலையில இல்லைன்னான், மாத்துனேன். இப்ப சரிங்கான். நீங்க தப்புங்கிய. மனுசன் யாரு சொல்லக் கேக்க? இவன் சரின்னு சொன்ன பெறகும் தப்பு இருக்கும்னா இவன் எதுக்கு டீச்சர்? இவன வச்சுக்கிட்டு நாம என்ன பூசையா பண்ண?"

"அது என்ன கேட்டுச்சு அண்ணாச்சி?"

"நான் எழுதின பேருக்கு ஆளு இருக்கான்னு."

"இருக்கா?"

"இப்ப இருக்கு."

"அதான் சரின்னு சொல்லிட்டுது."

"அப்போ சோதிக்காத பை வரக் கூடாதுன்னு யாரு சொல்ல?"

"முன்னால யாரு சொன்னா?"

முன்னால் அதைச் சொன்னது தாணுலிங்கம்தான். சோதித்த பை என்று எழுதியபோது சொன்னார். சற்று முன்பு, அவசரத்தில், அதைத் தன் கையாலேயே அழித்தார். காலையில் மடத்துக்கு வரும் வழியில் ஆஸ்பத்திரி மூன்றாம் வார்டில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார், வெளிறிப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெயர் தெரியாது. திரையில் இருந்த வரியை அழித்தார்.

"சோதித்த பைய மறுபடி எழுதணும். ஜெபராணியோடதையும் உடைக்காம எழுதணும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இன்னைக்கு முடியாது."

"முடியாது" என்றார் கோமதி.

தாணுலிங்கம் போனை எடுத்தார். சகாயமேரி எடுத்ததும், கிளம்பிட்டீங்களா என்று கேட்டார்.

"இன்னைக்கு வர முடியாதும்மா."

பக்கத்தில் நின்ற கோமதிக்கும் கேட்கும் அளவுக்குப் பதில் வந்தது.

"அரை மணி நேரம் ஆகல அண்ணாச்சி, நூறு சதம்னு சொல்லி. பழைய ரிஜிஸ்டரக் கட்டி அலமாரில வச்சுட்டேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன். விரலு மடங்க மாட்டேங்கு எனக்கு, ராத்திரி தைலம் போட்டாத்தான் தூக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி சொல்லுவிய, ஒரு மணி சொல்லுவிய. என்னைய என்னன்னு நினைச்சிட்டிய? உங்க மிஷினும் வேண்டாம், உங்க வார்த்தையும் வேண்டாம்."

அந்த அம்மாள் மூச்சு வாங்கும்வரை தாணுலிங்கம் காத்திருந்தார்.

"சோதிக்காத பையும் வெளிய போயிருது, அதான்" என்றார்.

"என்னது?"

"என் நிரல் சோதிக்காத பையையும் வார்டுக்கு விட்டுருது. இப்பம்தான் பாத்தோம்."

மறுமுனையில் யாரோ ஒரு பெட்டியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு கண்டுபிடிச்சா?" என்று சகாயமேரி கேட்டார்.

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "நான் இல்லம்மா" என்றார்.

"சரி. ரிஜிஸ்டர எடுத்துக்கிடுதேன்." கோபம் போய்விடவில்லை, குரலில் அப்படியே இருந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்கு? அதையாவது சொல்லுங்க. நான் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்."

தாணுலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"டீச்சர், மணி கேக்காவ. நான் இன்னும் ஒரு வரி எழுதல. எழுதாததுக்கு மணி சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் கோமதி. "நாளைக்கு அந்த மணிக்கு ஆளு இருக்கான்னு வந்து கேப்பாவ."